தோளேணைக்கு அளவெடுத்த கதை

பிள்ளை பிறந்ததும் மருத்துவமாதின் வேலை முடிந்துவிடுகிறது என்று எண்ணுபவர்கள், அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதத்தில் ஒரு தடவையேனும் லோஞ்சு என்னும் மோட்டார்ப் படகில் ஏறிப் பார்க்கவேண்டும்.

ஏறியவர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டியதில்லை. ஒரு கை பிள்ளையைப் பிடிக்கும். மற்றக் கை லோஞ்சுக்காரரின் கையைப் பிடிக்கும். காற்றில் பறக்கும் சேலைத் தலைப்பைப் பிடிக்கவும், பையைப் பிடிக்கவும், குமட்டும் வாயைப் பொத்தவும் கை மிச்சம் இராது. ஊசி போடவும் உறவு பார்க்கவும் கைக்குழந்தையோடு கடல் கடந்த பெண்களே, நீங்கள் எல்லோரும் என் இனம். நயினாதீவில் நான் கடமையாற்றிய காலத்தில், பிள்ளையைத் துணியிலே இட்டுத் தோளில் மாட்டித் தூக்கும் முறையைத் தாய்மாருக்குக் காட்டிக்கொடுத்தேன். வீட்டுக் கூரை வளையில் தொங்கும் துணித்தொட்டில் ஏணை. இது தோளில் தொங்கியமையால், அயலவர்கள் தாமாகவே தோளேணை என்று பெயர் வைத்தார்கள். அதனை முதலில் அணிந்தவள் திலகவதி. பின்வருவன அவளையும் அவளுடைய முதற் பிள்ளையையும் பற்றியவை.

ஒரு கை

திலகவதி நெடிய பெண், அதிகம் பேசமாட்டாள். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய இடக்கையை மெலியவைத்துவிட்டுப் போயிருந்தது. விரல்கள் பற்றும், முழங்கை மடங்கும், ஆனால் கை தானாக உயராது. கணவர் நடராசா, தீவார் பலரையும் போலத் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார்; திருவிழாவுக்கும் வருடப்பிறப்புக்கும் வருவார். தாய் தந்தையர் இல்லை. ஆகவே பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக, அக்கரையில் சரவணை என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த தமக்கை பரமேஸ்வரி வந்து நின்றாள். தாய் இறந்தபின் திலகவதியை வளர்த்தவளும் அவளே. சிறுத்த உருவம், இரண்டு கைகளும் நான்கு கைகளின் வேலையைச் செய்யும். வந்த அன்றே குசினியைக் கழுவி, விறகைத் தறித்து அடுக்கி, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பழந்துணிகளை அவித்து வெயிலில் போட்டுவிட்டாள்.

பெண்பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதன்பின்புதான் பரமேஸ்வரி தன் தீர்மானத்தை வெளியிட்டாள். முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும், பிள்ளையைத் தான் சரவணைக்குக் கொண்டுபோய், நடக்கத் தொடங்கும்வரை வளர்ப்பாளாம். “தாய்ப்பாலுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “நல்ல பால்மா ரின் வாங்கி வைச்சிருக்கிறன்” என்று தகரப்பேணியைக் காட்டினாள். “இவள் ஒரு கையாலை பிள்ளையைத் தூக்குவாளோ, படலையைத் திறப்பாளோ, லோஞ்சிலை ஏறுவாளோ? அந்தரம் அவசரத்துக்கு ஆர் இருக்கினம்? சொல்லுங்கோ மிசி!” மருத்துவமாதை அங்கே மிசி என்பார்கள். அவள் கேட்டவற்றுள் ஒன்றுகூடப் பொய்யான கேள்வி அன்று. பகையினால் கேட்டிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். அவள் அன்பினால் கேட்டாள்.

பரமேஸ்வரி குசினிக்குள் போனதும், திலகவதி சுவர்ப்பக்கம் திரும்பிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “மிசி, பால் குடுக்க ஒரு கை காணும். தூக்கத்தான் ரெண்டு கை வேணும் எண்டு அக்கா சொல்லுறா. நீங்கள் என்ன சொல்லுறியள்?”

பூசணிக்காய்

தெரியாத விடயத்துக்கு மறுமொழி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று புறப்பட்டேன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முறிந்த கையைத் துணியிலிட்டுக் கழுத்தில் தொங்கவிடப் பழக்கியிருந்தார்கள். ஒரு கையின் பாரத்தைத் தாங்கும் துணி, ஏறத்தாழ அதே பாரமுள்ள பிள்ளையை ஏன் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை போனபோது, வளவிலே காய்த்த ஒரு பூசணிக்காயையும் கையோடு கொண்டுபோனேன். பிள்ளையை வைத்துப் பழகக் கூடாது என்பது என் முதலாவது நிபந்தனை.

துணி கேட்டேன். தங்கை வீட்டுப் பழந்துணியை வெளியாளின் முன் விரிக்கப் பரமேஸ்வரிக்கு மனம் வரவில்லை. தன் பையைத் திறந்து, தான் ஆசையோடு வாங்கி ஒருநாளும் உடுக்காத நைலெக்ஸ் சேலையை எடுத்து நீட்டினாள். நீலத்தில் வெள்ளைப் பூ. “இது வழுக்கும்” என்றேன். “ஊசி போட்டாலும் ஏறாத சீலை, மிசி. இழுத்துப் பாருங்கோ, கிழியாது!” என்றாள். கிழியாதுதான், கிழியாமல் இருப்பது வேறு, முடிச்சு நிற்பது வேறு. கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று எண்ணி, அந்தச் சேலையையே முடிந்து பூசணிக்காயை வைத்துத் திலகவதியின் தோளில் மாட்டினேன். முற்றத்தில் மெல்ல நடந்தாள். கிணற்றடி போகுமுன் முடிச்சு எண்ணெய் பூசியதுபோல் நழுவி அவிழ்ந்தது.

வழுக்கும் துணியைத் தேரக் கூடாது என்பதை மெய்ப்பித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்தேன். பரமேஸ்வரியோ என்னைப் பாராமல், முற்றத்தில் சிதறிக் கிடந்த பூசணித் துண்டுகளைக் குனிந்து ஓலைப்பெட்டியில் பொறுக்கினாள். பொறுக்கி முடித்து, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “பூசணிக்காய் உடைஞ்சால் கறி வைக்கலாம், மிசி. பிள்ளை உடைஞ்சால்?”

வெயிலுக்குப் பிடித்த துணி

நான் விடவில்லை. பருத்தித் துணியாக இருக்கவேண்டும்; பலமுறை தோய்த்து மெதுமையானதாக, ஆனால் நைந்துபோகாததாக இருக்கவேண்டும்; வெயிலுக்கு நேரே பிடித்தால் எங்கும் ஒளி பொட்டுப் பொட்டாகத் தெரியக் கூடாது. நடராசாவின் பழைய வேட்டி மற்றெல்லாவற்றாலும் தகுதியாக இருந்தது. வெயிலுக்குப் பிடித்தபோதுதான், கடைக் கதிரையில் இருந்திருந்து தேய்ந்த பகுதி சல்லடைபோலத் தெரிந்தது. அதனை ஒதுக்கி, கட்டிலில் விரித்திருந்த கைத்தறி விரிப்பை எடுத்தோம். ஒரு கையால் முடிச்சுப் போட ஏலாது ஆகையால், முடிச்சே வேண்டாம் என்று தீர்மானித்தேன். திலகவதியின் தோளிலிருந்து எதிர் இடுப்புவரை நூலால் அளந்து, துணியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நெருக்கமாகப் பல வரிசை தைத்து வளையமாக்கினேன். தலைவழியே போடலாம்; அவசரத்துக்குத் தலைவழியே கழற்றலாம். உடலோடு இறுக்கிக் கட்டினால், கடலில் ஏதும் நேர்ந்தவிடத்துக் கழற்ற நேரம் இராது.

மெலிந்த கைப்பக்கத் தோளில் துணியை மாட்டினால் நல்ல கை ஓய்வாக இருக்கும் என்று நான் கணக்கிட்டது பிழைத்தது. அந்தத் தோள் சரிந்தது, துணி நிற்கவில்லை. வலத்தோளுக்கு மாற்றினோம். அடுத்த பூசணிக்காய் வளவு முழுவதும் சுற்றி வந்தும் விழவில்லை. அதன்பின்பே பிள்ளையை வைத்தோம். பிள்ளை நெஞ்சோடு நிமிர்ந்து ஒட்டிக்கொண்டு, தாயின் கழுத்தடியில் முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டது. நான் சொல்லாமலே திலகவதி வலக்கையால் தன் இடக்கையைத் தூக்கி மடக்கி, பிள்ளையின் முதுகின்மீது வைத்தாள். விரல்கள் துணியின் கரையைப் பற்றிக்கொண்டன.

வலக்கையை எடுத்துவிட்டு ஓரடி நடந்து பார்த்தாள். பின்பு சொன்னாள்: “இவ்வளவு காலமும் இந்தக் கையை நான்தான் சுமந்து திரிஞ்சனான், மிசி. இண்டைக்குத்தான் இது ஒண்டைச் சுமக்குது.”

முழங்கால்

தூக்குவது ஒரு கலை, குனிவது மற்றொன்று. அயல்வீட்டு ஐயரம்மா, கோயிலில் பூசை செய்யும் ஐயரின் மனைவி, ஒருநாள் பிள்ளைக்கென்று திருநீறு கொண்டுவந்தார். திலகவதி தோளேணையில் பிள்ளையோடு நின்றாள். பெரியவர்கள் தருவதைக் குனிந்து வாங்கிப் பழகிய உடம்பு, இடுப்பை வளைத்து முன்னே குனிந்தது. துணியின் வாய் அகன்று, பிள்ளையின் தலை வெளியே சரிந்தது. நான் கூவியதும் கையால் அணைத்துக்கொண்டாள், தீங்கொன்றும் நேரவில்லை. தோளேணையோடு எவரும் இடுப்பை வளைக்கக் கூடாது; முதுகை நிமிர்த்தியபடி முழங்காலை மடக்கித் தாழவேண்டும்; தாழும்போது நல்ல கை பிள்ளையின் தலையைக் காக்கவேண்டும்.

பழக்கிக் காட்டினேன். திலகவதி கவனமாக, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, திருநீற்றுக்குக் கையை நீட்டினாள். ஐயரம்மா பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார்: “எழும்பு பிள்ளை, எழும்பு! எனக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டால், சனம் இதை மாதா கோயில் எண்டெல்லோ நினைக்கும்!”

மூன்றாவது விதி

இலக்கணம் படித்து வளர்ந்தவள் நான். விதிகள் குறைவாகவும் விலக்குகள் அதனினும் குறைவாகவும் இருந்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது அந்தப் படிப்பிலே கண்டது. ஆகையால் திலகவதிக்கு நான்கு விதிகளையே சொன்னேன். அவள் பேசும் சொற்களிலேயே சொன்னேன். பிள்ளையின் முகம் எப்பவும் தெரியவேணும். நாடி, அதுதான் முகவாய், பிள்ளையின் நெஞ்சிலையே முட்டக் கூடாது. முட்டினால் மூச்சு அடையும். மூண்டாவது, குனியாமலே பிள்ளையின் உச்சியை உதட்டாலை கொஞ்ச எட்டவேணும். எட்டாவிட்டால் ஏணை பதிஞ்சுபோச்சு எண்டு அர்த்தம். அடுப்படியிலும் கிணத்தடியிலும் ஏணை வேண்டாம். அங்கே போகும்போது பிள்ளை வீட்டு ஏணையில் கிடக்கட்டும்.

முப்பத்தொன்றுக்கு வந்திருந்த நடராசா, கதிரையில் இருந்து இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி பக்கம் நிற்பதா, மச்சாள் பக்கம் நிற்பதா என்று தெரியாத மனிதர். “மச்சாள் சொல்லுறதும் சரிபோலத்தான் கிடக்கு” என்பார்; சற்று நேரத்தில் “இவள் தூக்கிறதும் நல்லாத்தான் கிடக்கு” என்பார். பரமேஸ்வரிதான் இதற்கு ஒரு முடிவு கட்டினாள்: “வீட்டு முத்தத்திலை ஆரும் தூக்குவினம். லோஞ்சிலை ஏறி இறங்கிக் காட்டட்டும். அதுக்குப் பிறகு நான் வாய் திறவன்.” நடராசா தலையாட்டினார். அவர் மறுநாள் கடைக்குத் திரும்பவேண்டியவர். அந்தச் சோதனையைப் பார்க்க இருக்கமாட்டார்.

புறப்படுமுன் பிள்ளையைத் தானும் ஒருமுறை தோளேணையில் இட்டுத் தூக்கிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், பின்பு முகத்தை மிகவும் கண்ணியமாக வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “மிசி, அந்த மூண்டாவது விதி பிள்ளைக்கு மட்டுமோ? இல்லாட்டித் தூர இடத்திலை கடை வைச்சிருக்கிறவைக்கும் பொருந்துமோ?”

கொடியில் காணாமற்போன துணி

விதிகள் வேலி தாண்டிப் பரவிவிட்டன. அயலில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் முகம், நாடி, உச்சி, அடுப்பு என்று ஒப்பித்தாள். ஊசிக்குப் போகும் நாள் நெருங்கியபோது, தோய்த்துக் கொடியில் போட்டிருந்த தோளேணையைக் காணவில்லை. திலகவதி வெளிறிப்போனாள். பரமேஸ்வரி எடுத்து ஒளித்திருப்பாளோ என்று எனக்கும் ஒரு கணம் எண்ணம் வந்தது. அவளோ எங்களுக்கு முன்னே வளவெல்லாம் தேடித் திரிந்தாள். “நான் வேண்டாம் எண்டால் நேரை சொல்லுவன், மிசி. களவெடுக்கமாட்டன்” என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவ்வேளை பனங்காணிப் பக்கமிருந்து அயலவர் சின்னத்துரை வந்தார். கழுத்தில் தோளேணை, உள்ளே, ஈரம் காயாத ஆட்டுக்குட்டி ஒன்று. தாய் ஆடு பின்னால் கத்திக்கொண்டு வந்தது. ஆடு வெளியிலே குட்டி போட்டுவிட்டதாம். கைகளில் பனைமட்டை இருந்ததால், குட்டியைக் கொண்டுவர, வேலியடிக் கொடியில் கிடந்த இந்தத் துணியைவிட வேறு வழி தோன்றவில்லையாம். பிள்ளைக்குரிய துணியில் இப்படிச் செய்யலாமோ என்று நான் தொடங்கியதும், அவர் குட்டியின் தலையை எனக்குத் திருப்பிக் காட்டினார்: “ஏன் மிசி ஏசுறியள்? முகம் தெரியுது. நாடி முட்டேல்லை. நான் அடுப்படிக்கும் போகேல்லை. கொஞ்சத்தான் இல்லை, அதையும் செய்யச் சொல்லுறியளோ?”

லோஞ்சில்

துணியை அவித்துத் தோய்த்து, தையலை மறுபடியும் இழுத்துப் பார்த்துக் கொடுத்தேன். ஊசிக்குப் போகும் நாள் வந்தது. அன்று ஊர்காவற்றுறையில் எனக்கும் அலுவல் இருந்தது. அக்கரையில் பஸ் ஏறும் குறிகட்டுவான் துறைக்குப் போகும் லோஞ்சில், கோயிலுக்கு வந்து திரும்பும் சனம் நெருக்கி நின்றது. நான் முன்னரே ஏறிப் பின்பக்கத்தில் எஞ்சின் பெட்டியடியில் இருந்தேன். துறையில் நடந்ததைப் பின்புதான் அறிந்தேன். திலகவதி தோளேணையைப் போடப் போகையில், பரமேஸ்வரி அதனை வாங்கித் தன் தலைவழியே போட்டுக்கொண்டாளாம். “இண்டைக்குக் காத்து மோசம், பிள்ளை. போகேக்கை நான் கொண்டுவாறன். வரேக்கை நீ தூக்கு.” திரும்பி வரும்போது பிள்ளை சரவணையில் நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். திலகவதி வெறுங்கையோடு ஏறினாள்.

நெடியவளுக்கு அளந்த வளையம் சிறியவளின் உடம்பில் வயிற்றடிவரை பதிந்தது. பிள்ளை அதற்குள் சுருண்டு தாழ்ந்துவிட்டது. அதற்கு மேலே பரமேஸ்வரி சேலைத் தலைப்பால் முழுவதும் மூடினாள். கைக்குழந்தையோடு லோஞ்சு ஏறும் எங்களில் எவரும் செய்வது அதுதான்: உப்புத் தூவானத்துக்கும் ஊராரின் கண்ணூறுக்குமாகச் சேர்த்து ஒரே மூடல். நடுக்கடலில் திலகவதி சொன்னாள்: “அக்கா, முகம் தெரியேல்லை.” “சனம் பாக்குது. மூடிக் கிடக்கட்டும்.” “நாடி எங்கை கிடக்கு எண்டு ஒருக்கால் பாருங்கோ.” “நித்திரை கொள்ளுதடி. உன்னை வளர்த்த எனக்கு நீ பிள்ளை தூக்கப் பழக்கிறியோ?” மூன்றாம் முறை திலகவதி கேட்கவில்லை. வலக்கையால் தலைப்பை இழுத்து எறிந்தாள். பிள்ளையின் நாடி நெஞ்சில் அமுங்கியிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. அந்த ஒரு கையையே கழுத்துக்கும் முதுகுக்கும் அடியில் கொடுத்து வெளியே எடுத்து, தன் மடியில் கிடத்தி, ஒரு விரலால் நாடியை நிமிர்த்தினாள்.

பைகளையும் கூடைகளையும் மிதித்துக்கொண்டு நான் போய்ச் சேருமுன், பிள்ளை ஒருமுறை மூச்சை இழுத்தது. அடுத்துக் குரலெடுத்து அழுதது. நாடித்துடிப்பைப் பார்த்தேன், மேனியெங்கும் நிறம் திரும்பிவிட்டது. அந்த அழுகை நிற்கக் கூடாது என்று விரும்பியது என் தொழிலில் அன்று ஒருநாள்தான். லோஞ்சு ஓட்டிய சவிரிமுத்து, ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “அழட்டும், மிசி, அழட்டும். உந்தக் குரலுக்கு என்ரை எஞ்சினே தோத்துப்போச்சு!”

இறங்குதுறையில்

எல்லோரும் சிரித்தார்கள்; பரமேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. குறிகட்டுவானில் லோஞ்சு அலையோடு எழும்பித் தாழ்ந்துகொண்டு நின்றது. அவள் எழுந்து, தோளேணையைத் தன் கழுத்திலிருந்து கழற்றி, தங்கையின் தலைவழியே போட்டாள். பிள்ளையை உள்ளே வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையே தன் விரலை விட்டுப் பார்த்தாள். திலகவதியின் இடக்கையைத் தூக்கிப் பிள்ளையின் முதுகில் வைத்தவளும் அவளே.

திலகவதி அலை எழும்பும்வரை காத்து நின்றாள். எழும்பியதும் வலக்கையைச் சவிரிமுத்துவிடம் கொடுத்து, ஓரெட்டில் துறையில் ஏறினாள். பிள்ளை அசையவும் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த பரமேஸ்வரிதான் லோஞ்சின் விளிம்பில் தடுமாறினாள். இரண்டு கைகளும் ஓய்வாக இருந்தும் எதனைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றாள். திலகவதி திரும்பித் தன் வலக்கையை நீட்டினாள்: “பிடியுங்கோ, அக்கா. இந்தக் கை சும்மாதான் இருக்கு.”

எந்த வரிசை

நடந்ததை ஆஸ்பத்திரியில் முதலிலேயே வைத்தியரிடம் சொன்னேன். அவர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டு, பழுதில்லை என்றார், ஊசியும் போட்டார்கள். அதற்கு முன் வாசலில் ஒரு சிறு தடங்கல். அங்கே வரிசைகளை ஒழுங்கு செய்யும் ஊழியர், திலகவதியின் மெலிந்த கையையும், தோளிலிருந்து தொங்கும் துணியையும், அதிலிருந்து வெளியே நீண்ட சின்னக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். வழியை விடவும் இல்லை; மறிக்கவும் இல்லை. கடைசியில் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்டார்: “மிசி, குறைநினையாதையுங்கோ. இவவை எந்த வரிசையிலை விடுறது? கை முறிஞ்சவையின்ரையிலையோ, பிள்ளைக்காறரின்ரையிலையோ?”

சரவணைத் தரிப்பு

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் இருந்தோம்: யன்னலோரம் பரமேஸ்வரி, நடுவில் பிள்ளையோடு திலகவதி, கரையில் நான். பரமேஸ்வரியின் காலடியில் அவளுடைய பை இருந்தது. அதற்குள் பிள்ளைக்குத் தைத்த சட்டைகளும் பால்மா ரின்னும் இருப்பது எங்களுக்குத் தெரியும். லோஞ்சில் ஏறி இறங்கிக் காட்டினால் வாய் திறவேன் என்றவள். ஏறும்போது தானே பிள்ளையைத் தூக்கினாள். ஆகையால் அந்தச் சொல் பாதிதான் நிறைவேறியிருந்தது. மிகுதிப் பாதியை அவள் எப்படிக் கணக்கிடுவாள் என்று நான் அறியேன். திலகவதியும் அறியாள். புளியங்கூடல் கழிந்ததிலிருந்து அவளுடைய இடக்கை விரல்கள் துணியின் கரையை இறுக்கிப் பிடித்தவண்ணமே இருந்தன.

“சரவணை, சரவணை! இறங்கிறவை முன்னுக்கு வாங்கோ!” என்று கொண்டக்டர் கூவினார். பரமேஸ்வரி எழுந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். “அக்கா, பஸ் உங்களுக்காக நிக்குது, கெதியா முடிவெடுங்கோ” என்றார் கொண்டக்டர். “உமக்கென்ன அவசரம்? உம்மடை பிள்ளையை ஆரும் கேட்டவையே?” என்று அவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பையைத் திறந்து சட்டைகளை எடுத்துத் திலகவதியின் மடியில் வைத்தாள். குனியாமல், முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பிள்ளையின் உச்சியைக் கொஞ்சினாள். பால்மா ரின்னைத் தன் பையிலேயே விட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கினாள்.

இறங்கியவள் யன்னலடிக்கு வந்து, திலகவதியைப் பாராமல் என்னிடம் சொன்னாள்: “ரின் பால் எனக்குத் தேத்தண்ணிக்குக் காணும். வாற கிழமை நான் அங்கை வருவன். அதுக்கிடையிலை என்ரை அளவிலையும் ஒண்டு தைச்சு வையுங்கோ, மிசி. பெரியம்மா தூக்காமல் வேறை ஆர் தூக்கிறது?”

ஆகவே, தோளேணைக்கு அளவெடுக்கப் போய்த் தாயை மட்டும் அளந்துவிட்டு வரும் மருத்துவமாது, பாதி வேலையை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று கொள்க.